மூன்று பேட்டரி, இரண்டு கண்

கரண்டு இல்லாத இடத்தில் இரும்பை ஒட்டித் தருவதுதான் எங்கள் தொழில்; அதை ஒரு தொழில் என்று யாரும் ஒத்துக்கொண்டதில்லை, என் அக்கா உட்பட.

எண்பதுகளின் தொடக்கத்தில் கெலுகோரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நானும் மாமாவும் இதை ஆரம்பித்தோம். மாமா என்றால் அக்காவின் கணவர், பெயர் சுப்ரமணியம். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். ஒரு பழைய வேன், மூன்று லாரி பேட்டரி, தடித்த கேபிள், ஒரு கட்டு வெல்டிங் ராடு, இவ்வளவுதான் எங்கள் முதல். மூன்று பேட்டரியையும் வரிசையாகக் கோத்து, ஒரு முனையை இரும்பிலும் மறுமுனையை ராடிலும் மாட்டி உரசினால் நெருப்புப் பிடிக்கும், இரும்பு உருகும். ஜெனரேட்டர் வாங்க வசதி இல்லை. வாங்கினாலும் பாலிக் புலாவ் மலைத்தோட்டத்துக்குள் அதை யார் தூக்கிக்கொண்டு போவது?

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என்னத்த வேணும்னாலும் ஒட்டுங்க. ஆனா அவரு காலையில எத்தனை கண்ணோட வீட்டை விட்டுப் போறாரோ, அத்தனை கண்ணோட சாயங்காலம் வரணும். அதுக்கு நீதான் பொறுப்பு" என்றாள் என்னிடம்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி படுக்கையில் புரண்டு, உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்துக் கட்டிக்கொண்டு, மறுநாள் அதே வேலைக்குப் போன சகோதரர்களுக்கு அக்கா கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அப்படிப் புரண்டவர் நீங்கள் என்றால், உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. கூட உட்கார்ந்து கேளுங்கள், போதும்.

டுரியான் காலம்

பாலிக் புலாவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், டுரியான் பழத்தோட்டம். பழம் விழுகிற நேரத்தில் அவருடைய தள்ளுவண்டியின் இரும்புச் சட்டம் முறிந்துபோனது. அன்று விழுந்த பழம் அன்றே சந்தைக்குப் போக வேண்டும். மலைச்சரிவில் பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு போனோம். முறிந்த சட்டத்தின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை மாமா ஒரு கையால் பிடித்தார், இன்னொரு கையில் ராடு. முகமூடியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அது இல்லாததால் முகமூடியைப் புல்லில் போட்டுவிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு ராடை வைப்பேன் மாப்ளே. பத்திக்கிட்டதும் ஒரே ஒரு தடவை பார்ப்பேன்" என்றார். அந்த ஒரே ஒரு தடவை வேலை முடியும்வரை நீண்டது. சாயங்காலம் வேனை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ரோட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

தவுக்கே தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். மறுநாள் கூலியோடும் ஒரு கூடைப் பழத்தோடும் கொட்டகைக்கு வந்தார். கண்ணில் ஈரத்துணியோடு படுத்திருந்த மாமாவைச் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இரும்பும் வெந்துச்சு, உன் கண்ணும் வெந்துச்சு. நான் இரும்புக்கு மட்டும்தான் காசு கொண்டாந்தேன் லா."

யாருடைய நெஞ்சு

அதன்பிறகு அக்கா தன் கைக்காசில் தலையில் மாட்டுகிற நல்ல முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் வேன் கதவில் மாட்டி அதன் கறுப்புக் கண்ணாடி உடைந்தது. மாமா அக்காவிடம் சொல்லவில்லை. பழைய பேப்பர்க்காரரிடமிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை வாங்கி, மடித்து, அந்தச் சதுரத்தில் ஒட்டிக்கொண்டார். இருட்டாகத் தெரிந்தால் போதும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. படம் நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான் குறைக்கும். கண்ணைச் சுடுவது தெரியாத வெளிச்சம். முன்னால் இருட்டாக இருப்பதால் கண் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

பாசாரில், அதாவது சந்தையில், மீன் தொங்கவிடும் கம்பி ஒன்றை ஒட்டப் போயிருந்தோம். கடைக்கார அஞ்சலை அக்கா, மாமாவின் முகமூடியைக் கையில் வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அதை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "யாரு நெஞ்சு தம்பி இது? அந்த ஆள் பொழைச்சாரா, இல்லையா?"

மோதிரம்

பேட்டரி என்றால் பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூட ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். மாமாவும் சொல்வார். தொட்டால் ஒன்றும் செய்யாது என்பது வாஸ்தவம். நடுவில் உலோகம் மாட்டிக்கொண்டால்தான் அதன் குணம் தெரியும்.

ஒருநாள் பேட்டரியின் முனையை ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் இந்த முனையைத் தொட்டது, அதை உரசிக்கொண்டிருந்த அவருடைய கல்யாண மோதிரம் அந்த முனையைத் தொட்டது. கண்மூடித் திறப்பதற்குள் மோதிரம் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்தது. அவர் கையை உதறினார், மோதிரம் வரவில்லை. வாளித் தண்ணீருக்குள் நான் அவர் கையை அழுத்தியபோது வந்த சத்தத்தை இன்னும் மறக்க முடியவில்லை. விரல் தப்பித்தது. விரலைச் சுற்றி மட்டும் ஒரு வெள்ளை வளையம் கடைசிவரை நின்றுவிட்டது.

கிளினிக்கில் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். அக்கா அதைத் தட்டானிடம் கொடுத்துச் சரிசெய்து, தன் தாலிக்கொடியில் கோத்துப் போட்டுக்கொண்டாள். மாமா கைநீட்டிக் கேட்டபோது கொடுக்கவில்லை. "மோதிரம் என் கழுத்துல இருக்கட்டும். விரலு உங்க கையில இருக்கட்டும்."

ஈரச் சாக்கு

மோதிரத்துக்குப் பிறகு நான் கொஞ்சம் கண்டிப்பானவனாக மாறினேன். பேட்டரி சார்ஜ் ஆகும்போதும், அதிலிருந்து கரண்டை உறிஞ்சும்போதும், மூடித் துளைகள் வழியாக ஒரு வாயு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஒரு பொறி பட்டால் பேட்டரியே வெடிக்கும், உள்ளே இருக்கிற ஆசிட் எதிரே நிற்பவர் முகத்துக்கு வரும். அதனால் பேட்டரிகளைத் தள்ளி வைத்து ஈரச் சாக்கால் மூட வேண்டும் என்றேன். கேபிளைக் கழற்றும்போது, பொறி பேட்டரிக்குத் தூரத்தில் விழும்படி, ஒட்டுகிற இரும்புப் பக்கம்தான் முதலில் கழற்ற வேண்டும் என்றேன். கேபிள் நீண்டால் கரண்டு குறையும் என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் அன்றிலிருந்து ஒருநாளும், ஒரு வேலையிலும், அவர் அந்தச் சாக்கு இல்லாமல் ராடைத் தொட்டதில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது செபராங் ஜெயாவில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, கரண்டு இன்னும் வரவில்லை. எங்களுக்கு அங்கே நல்ல வேலை. மேற்பார்வை பார்த்த மலாய்க்காரர் ஒருவர் சிகரெட்டோடு பேட்டரிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஈரத்துணி போட்டிருக்கிறாயே, பேட்டரிக்குக் காய்ச்சலா என்று கேலியாகக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சிகரெட்டை மண்ணில் தேய்த்து அணைத்தார். நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று தூரத்து மணல் மேட்டைக் காட்டினார். அவர் வாயால் சொன்னது இதுதான்: "சாயா டுடோக் சானா லா."

ஸ்கூல் பஸ்

எங்கள் வேலையை வேடிக்கை பார்க்க எப்போதும் கூட்டம் இருக்கும். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் ராமன், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் ஒரு சீட்டின் கால் ஆடிக்கொண்டிருந்தது. எங்களைக் கூப்பிடுவானேன் என்று, பஸ் பேட்டரியோடு கடன் வாங்கிய இன்னொன்றையும் கோத்து, மெல்லிய ஒயரை வைத்து, தானே பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார்.

ராடு சீட்டில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டால் உடனே ஆட்டிப் பிடுங்க வேண்டும். அவர் பயந்துபோய் கையை எடுத்துவிட்டார். ஒயர் முழுக்கப் பழுத்து, மேல் ரப்பர் உருகி, சீட்டு ஸ்பாஞ்சில் தீப்பிடித்தது. நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸின் பின்பாதி கருகியிருந்தது. ராமன் ரோட்டோரம் உட்கார்ந்து, எந்தச் சீட்டில் எந்தப் பிள்ளை உட்காரும் என்று தானாகப் பேசிக்கொண்டிருந்தார். மாமாவைப் பார்த்ததும் எழுந்தார். கோபம் இல்லை, குறை சொல்கிற தொனியும் இல்லை. "நீங்க ஒட்டறப்போ பார்த்தா ரொம்ப சுலபமா இருந்துச்சு அண்ணே."

ஆயுத பூஜை

எங்கள் கொட்டகையில் ஆயுத பூஜையன்று எங்களுக்குத்தான் விடுமுறை, பேட்டரிக்குக் கிடையாது. மறுநாள் காலை முதல் ஃபெரியில் அக்கரைக்குப் போக வேண்டிய வேலை இருந்ததால், முந்தின நாளே சார்ஜில் போட்டிருந்தோம். ராத்திரி மழை பெய்ததால் கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தோம். பூஜைக்குக் கொஞ்சம் முன்புதான் சார்ஜரை நிறுத்தினேன். மூடிகள் திறந்தே இருந்தன.

அக்கா காலையிலேயே வேனைக் கழுவி மாலை போட்டுவிட்டாள். வாழையிலையில் சுத்தியல், ஸ்பேனர், ஹோல்டர், முகமூடி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தாள். பேட்டரிகள்மேல் கிடந்த அழுக்குச் சாக்கைப் பார்த்து, சாமி முன்னால் இதுவா என்று எடுத்து வெளியே போட்டாள். துடைத்துவிட்டு அவற்றுக்கும் பொட்டு வைத்தாள். மூன்றும் புதுசு மாதிரி இருந்தன. எங்களில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அது வேலை நேரம் இல்லையே. வேலை நேரத்தில்தானே ஆபத்து வரும் என்று மனசு எங்கோ எழுதி வைத்திருந்தது.

மாமா புதுச் சட்டையில் வந்தார். சூடத்தை ஏற்றி சாமி படத்துக்குக் காட்டினார், வேனுக்குக் காட்டினார், சாமான்களுக்குக் காட்டினார். பிறகு பேட்டரிகளின் பக்கம் குனிந்தார். முதல் பேட்டரிக்குச் சுற்றினார். இரண்டாவதுக்குத் தட்டு போனபோது வெடித்தது.

தகரக் கொட்டகைக்குள் அந்தச் சத்தத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். நான் அவரைத் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "முதல்ல தண்ணி" என்று கத்தினாள். காலையில் வேன் கழுவிய ரப்பர் குழாய் வாசலில் கிடந்தது. அவர் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தாள். நான் குழாயைப் பிடித்தேன். அவர் திமிறினார், கெஞ்சினார், அக்காவை வைதார். அவள் விரலை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் மீனா ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு ஓடிவந்து, அது வருகிறவரை அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணைக் காப்பாற்றியது அந்தத் தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னார். கொட்டகையைப் பெருக்க நான் திரும்பிப் போனபோது, குங்குமப் பொட்டோடு முகமூடி இலையில் அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் வார்டில் நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மாமா கட்டுக்குள்ளிருந்து பேசினார். கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "மாப்ளே, சாமி கும்பிடறப்பவும் கண்ணாடி போட்டிருக்கணுமா?"

மிச்சம்

வார்டு வராந்தாவில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. எத்தனை கண்ணோடு போனாரோ அத்தனை கண்ணோடு என்று அவள் சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவள்தான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாலிக்கொடியில் தொங்கிய மோதிரத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். தொழிலை விட்டுவிடுங்கள் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அப்புறம் சொன்னாள்: "சாக்கை எடுத்தது நான். அதுக்கு நான் அழுதாச்சு. மிச்சம் இருக்கற கண்ணுக்கு நீ பொறுப்பு."

தைப்பூசம்

மாமா சில மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். சுத்தியலைத் தொட்டாலே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். வேனில் எப்போதும் ஒரு டின் நிறையத் தண்ணீர் இருந்தது. தைப்பூசத்தன்று ஒரு தண்ணீர்ப் பந்தலில் விளக்கு எரிவதற்காக எங்கள் பேட்டரிகளைக் கேட்டிருந்தார்கள். அதனால் வேனைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தோம். அக்கா மஞ்சள் சேலையில் பால்குடத்தோடு முன்னால் போய்விட்டாள்.

அப்போதுதான் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். தன் தம்பி அலகுக் காவடி எடுத்திருப்பதாகவும், இடுப்புப் பட்டையிலிருந்து மேலே போகிற இரும்புக் கால் வெல்டிங் விட்டுவிட்டதாகவும் சொன்னார். போய்ப் பார்த்தோம். கல்யாண வயதுப் பையன், உடம்பெல்லாம் விபூதி, மார்பிலும் முதுகிலும் குத்திய வேல்கள் அந்தச் சட்டத்தில்தான் நின்றன. கால் விலகினதால் ஒருபக்கமாகச் சாய்ந்து, வேல்கள் தோலை இழுத்துக்கொண்டிருந்தன. மலை ஏறும்வரை காவடியை இறக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வேண்டுதல்.

"வேன்ல பேட்டரி இருக்குல்ல அண்ணே? அப்படியே நிக்கறப்பவே ரெண்டு இடத்துல வச்சு விட்டுடுங்க. அவன் கண்ணுக்குத் துண்டு கட்டிடறோம்" என்றார் அண்ணன்காரர். சுற்றி உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள், தேங்காய் உடைத்த இடத்தில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். அவர் கிட்டே போய் விரிசலை விரலால் தடவினார். அது பையனின் தாடைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அந்த இரும்போடுதான் அவன் நெஞ்சில் குத்திய வேல் எல்லாம் சேர்ந்திருந்தன. மாமா விரலை எடுத்தார். "மாட்டேன்" என்றார்.

அண்ணன்காரர் முதலில் கெஞ்சினார். பிறகு எத்தனை வெள்ளி கூலி வேண்டும் என்று கேட்டார். அப்புறம், சாமி காரியத்துக்கு உதவாதவன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினார். மாமா சட்டையைக் கழற்றினார். வேனிலிருந்து டியூப் ரப்பரை எடுத்து விரிசலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அது பாரம் தாங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குனிந்து தன் தோளை அந்தக் காலுக்கு அடியில் கொடுத்து நிமிர்ந்தார். காவடி நேரானது. "மாப்ளே, அந்தப் பக்கம் புடி" என்றார்.

கூட்டத்துக்குள் அப்படியே நடந்தோம். படி ஏறும்போது பார்வையில்லாத பக்கம் அவருக்குத் தடுமாறியது. அந்தப் பக்கப் படியை நான் வாயால் சொல்லிக்கொண்டே போனேன். நடுவழியில் அக்காவைத் தாண்டினோம். பால்குடத்தைத் தலையில் பிடித்தபடி எங்களை ஒருமுறை பார்த்தாள். இரும்புக்கு அடியில் அவர் முகம் இருப்பதைப் பார்த்து அவள் நடை நின்றது. கண்ணாடி போட்டிருக்கிறார் என்று நான் சைகை காட்டினேன். அவள் கண்ணாலேயே சரி என்றுவிட்டு நடந்தாள்.

மேலே வேல்களை எடுத்து விபூதி பூசினார்கள். பையன் நினைவு தெளிந்து, தண்ணீர் குடித்துவிட்டு, எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். மாமாவின் தோள் கன்றிச் சிவந்திருந்ததைப் பார்த்துக் கும்பிட்டான். "நீங்க வெல்டிங்காரருன்னு அண்ணன் சொன்னாரு. வேன்ல பேட்டரியும் இருந்துச்சாம். அப்புறம் ஏண்ணே ஒட்டாம இம்புட்டு தூரம் சுமந்தீங்க?" என்று கேட்டான்.

மாமா கண்ணாடியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். இருந்த ஒரு கண்ணால் அவனை நிதானமாகப் பார்த்தார். "உனக்கு இன்னும் ரெண்டு இருக்கு தம்பி. அதான்."

நாங்கள் ஒட்டிக்கொடுத்த எத்தனையோ இரும்பு விட்டுப்போய் ஆட்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரியில்லை என்று இன்றுவரை யாரும் திரும்பி வராதது நாங்கள் ஒட்டாமல் விட்ட அந்த ஒரு வேலைக்குத்தான்.